ஆறு ஞாயிறும் ஏழு இசைத்தட்டும்

காஞ்சி மாநகரில் ஒலியின்றி விடியும் நாள் ஒன்றேனும் இல்லை. கோயில்களின் நாகசுரமும், ஒலிபெருக்கியில் வரும் பக்திப் பாடலும், நம் ஆலயத்து மணியோசையும், பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் தாளமும் ஒன்றோடொன்று கலந்தே நம்மை எழுப்புகின்றன. இவ்வளவு ஒலி சூழ வாழும் நாம், ஓர் இசையையேனும் தொடக்கமுதல் முடிவுவரை அமர்ந்து கேட்டதுண்டா? இக்கேள்வியை எங்கள் இல்லத்தில் எழுப்பியவர் எண்பத்தொரு வயதான எங்கள் தாயார். அவருடைய செவிப்புலன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. “காது முழுவதும் அடைபடுமுன் நல்லவற்றைக் கேட்டுவிட வேண்டும்” என்றார் அவர்.

ஆகவே ஒரு தவக்காலத்தில் நாங்கள் ஒரு முடிவு செய்தோம். ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியை விலக்கி, உலகம் போற்றும் இசைத்தட்டு ஒன்றை முழுமையாகக் கேட்பது; இடையில் எழுவதில்லை, எதனையும் தாண்டிச் செல்வதில்லை. கைப்பேசியை ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைக்கும் பொறுப்பைக் கல்லூரியில் பயிலும் மகள் ஏற்றுக்கொண்டாள்.

முதல் ஞாயிறன்று தாயார் கேட்க விரும்பியது, எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி 1963இல் இசைத்தட்டாக வந்த வேங்கடேச சுப்ரபாதம். அன்று விருந்தினராய் வந்திருந்த எங்கள் மாமா திடுக்கிட்டார். “அக்கா, தவக்காலத்தில் மாற்றுச் சமயத்தார் பாட்டை நம் வீட்டில் வைக்கலாமா?” என்று வினவினார். தாயார் அமைதியாக விடையளித்தார்: “தம்பி, அறுபது ஆண்டுகளாக இது காற்றில் வரக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பாடியவருடைய உள்ளத்தை இன்றுதான் உட்கார்ந்து கேட்கிறேன்.”

மாமாவின் ஐயம் தள்ளிவிடத்தக்கதன்று. அவரவர் வழிபாடு அவரவர்க்கே உரியது. அதனை நாம் கலந்து குழப்புவதில்லை. ஆனால் அதே 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, கிரகோரியார் இசைக்கு முதன்மை இடம் தந்ததோடு, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபையும் உரிய முறையில் மதிக்குமாறு பணித்தது. மதிக்க வேண்டுமாயின் முதலில் கேட்க வேண்டுமன்றோ? மேலும், அந்தச் சுப்ரபாதத்தை 15ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் நம் காஞ்சியோடு தொடர்புடையவர். அண்டை வீட்டாரின் குரலை நாம் அறியாதிருப்பது அழகன்று.

இரண்டாம் ஞாயிறு, காஞ்சிக்கு அருகிலுள்ள தாமல் ஊரின் மகளான டி. கே. பட்டம்மாள் அம்மையாருக்கு உரியதாயிற்று. 1919இல் பிறந்து 2009இல் மறைந்த அவர், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பாடியதைக் கேட்டோம். ஒவ்வோர் எழுத்தும் கல்லில் செதுக்கியது போல நின்றது. அவர் குருவாகப் போற்றிய காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையோ, லயத்தில் நிகரற்றவர் எனப் புகழ்பெற்றும், இசைத்தட்டில் தம் குரலை விட்டுச் செல்லவில்லை; 1934இல் மறைந்தார். ஒரு குரல் நம்மோடு இருக்கிறது. மற்றொன்று கேட்டவர்களோடு போய்விட்டது. இதை மகள் சொன்னபோது தாயார் தம் காதைத் தொட்டுக்கொண்டார். எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

மூன்றாம் ஞாயிறு கடல் கடந்தோம். கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட், பாக் இயற்றிய கோல்ட்பர்க் வேறுபாடுகளை 1955இல் பதிவு செய்தார். பின்னர் 1981இல் அதனையே மீண்டும், மிக நிதானமாக வாசித்தார். அடுத்த ஆண்டே தம் ஐம்பதாம் வயதில் மறைந்தார். நாங்கள் கேட்டது இரண்டாம் பதிவு. அண்டை வீட்டு நெசவாளர் ஒருவரும் அன்று வந்து அமர்ந்தார். ஒரே அடிச்சுர வரிசையின்மேல் முப்பது வேறுபாடுகள் அமைந்திருப்பதை மகள் விளக்கத் தொடங்குமுன், “பாவு மாறவில்லை, ஊடைதான் மாறிக்கொண்டே வருகிறது” என்று அவரே சொல்லிவிட்டார்! காஞ்சிப் பட்டில் உடலும் இரு கரைகளும் வெவ்வேறு வண்ணமாயின் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அவற்றைப் பிணைப்பதே கோர்வை. மிருதங்கக்காரர் மும்முறை வாசித்து முடிக்கும் தாளக் கட்டுக்கும் கோர்வை என்றே பெயர். தறியும் தாளமும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் நம்முடையது.

நான்காம் ஞாயிறு மகளின் தேர்வு: அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை. ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9ஆம் நாள் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’, அதாவது ‘ஒப்பற்ற அன்பு’. போதைப் பழக்கத்தில் சிக்குண்டிருந்த அவர், 1957இல் இறையருளால் தாம் புதுவாழ்வு பெற்றதாகவும், அதற்கு நன்றியாகவே இதனைப் படைப்பதாகவும் இசைத்தட்டின் உறையிலேயே எழுதினார். உண்மையைச் சொல்வதாயின், மூன்றாம் பகுதியின் வேகம் எங்களைக் களைப்புறச் செய்தது. ஆனால் முதற்பகுதியில் நான்கே சுரங்களை அவர் சுருதி மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப ஊதியபோது, அன்றும் வந்திருந்த மாமா, “இது செபமாலை சொல்வது போலிருக்கிறதே!” என்றார். இறுதிப் பகுதியில் தாம் எழுதிய மன்றாட்டை வாய்ச்சொல்லின்றிச் சாக்ஸபோனாலேயே அவர் உரைக்கிறார். மொழி தெரியாத எங்களுக்கும் அதில் தடையேதும் இருக்கவில்லை.

ஐந்தாம் ஞாயிறு, தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் அளித்த ‘ஹவ் டு நேம் இட்’. குருத்து ஞாயிறன்று அவருடைய திருவாசகம். 2005இல் வெளிவந்த இவ்விசைக்குப் புதாபெஸ்ட் நகரத்துச் சிம்பொனிக் குழு துணை நின்றது. இதனை வெளிக்கொணர்ந்த தமிழ் மையத்தை முன்னின்று நடத்தியவர் ஜெகத் கஸ்பார் ராஜ் அடிகளார் என்னும் கத்தோலிக்கக் குரு என்பதை அறிந்து மாமா வியந்தார். வாத்தியங்களின் பெருக்கில் சில இடங்களில் சொற்கள் அமிழ்ந்தன என்பது எங்கள் எண்ணம். தாயாருக்கோ உயர்ந்த சுரங்கள் எட்டவேயில்லை. அவர் நாற்காலியை அருகே இழுத்து, ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டார்.

ஏழாவதாக எஞ்சியது பாக்கின் மத்தேயு பாடுகள். நம் பிரிந்த சகோதரரான லூத்தரன் சபையாருக்காக அவர் அமைத்து, 1727ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரில் முதன்முதல் பாடப்பட்டது. பின்னர் மறக்கப்பட்டு, 1829இல் மெண்டல்சோனால் மீண்டும் உயிர் பெற்றது. முதற்பகுதி ஆண்டவர் தோட்டத்தில் பிடிபடுவதோடு முடிகிறது. அதனைப் பெரிய வியாழன் இரவு கேட்டோம். தீர்ப்பு முதல் அடக்கம் வரையுள்ள இரண்டாம் பகுதியைப் பெரிய வெள்ளியன்று, ஆலயத்திலிருந்து திரும்பியபின் கேட்டோம்.

அதில் ஒரே ஞானப்பாட்டு மெட்டு ஐந்து முறை வருகிறது. 1601இல் ஹாஸ்லர் என்பவர் வெளியிட்ட காதற் பாட்டின் மெட்டு அது. காலப்போக்கில் முண்முடி சூடிய திருமுகத்தைப் பாடுவதற்கு உரியதாயிற்று. ஆண்டவர் உயிர்விட்டதும் ஐந்தாம் முறையாக அது எழுகிறது. தன் சாவின் வேளையில் இறைவன் தன்னை விட்டு நீங்கலாகாது என ஓர் ஆன்மா இறைஞ்சுவதே அதன் பொருள். மகள் இதனைப் பாட்டியின் காதருகே குனிந்து சொன்னாள். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அந்த வேளை வரும்போது, காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை; இந்த மெட்டை யாராவது பாடுங்கள்” என்றார். மாமா எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்புக் குடும்பங்களே, உங்கள் இல்லத்திலும் முதியவர் இருப்பார்; தனித்தனியே காதில் பொறி மாட்டிக்கொண்டு கேட்கும் இளையோரும் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களை ஓரிடத்தில் அமர்த்துங்கள். வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனையாயினும் சரி, பிறநாட்டார் இசையாயினும் சரி, முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்து கேளுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். பாதியில் எழுந்துமட்டும் போகவேண்டாம். எங்கள் மகள் இப்போது அந்த ஞானப்பாட்டின் மெட்டைச் சுரப்படுத்திக் கற்று வருகிறாள்.