சங்கிலிக்கு மூடி இருக்கா?

பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. இந்த வயதில் புதிதாக மோட்டார் சைக்கிள், அதுவும் க்ரூஸர் வாங்கப்போகிறேன் என்றதும் மகன் போனிலேயே சிரித்தான். க்ரூஸர் என்றால் தாழ்வான சீட்டில் உட்கார்ந்து, காலைச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு நிதானமாக ஓட்டும் கனத்த வண்டி. எனக்கு இப்போது எங்கேயும் அவசரமில்லை. உயரமான வண்டியில் காலைத் தூக்கிப்போட முழங்காலும் சம்மதிப்பதில்லை.

வீட்டம்மா சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"சங்கிலிக்கு மூடி இருக்காங்க?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

நான் நில அளவைத் துறையில் இருந்தவன். பிழைப்பே சங்கிலியில்தான் ஓடியது. 66 அடி, 100 கண்ணி. இழுத்து இழுத்துக் கண்ணிகள் தேய்ந்தால் சங்கிலி நீண்டுவிடும், அளவு பொய் சொல்லும். வண்டிச் சங்கிலியும் அப்படித்தான். இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைத்தான் மெக்கானிக் "செயின் லூஸ்" என்கிறார்.

அன்று என்னிடம் இருந்தது யெஸ்டி. மைசூரில் செய்த வண்டி. சங்கிலி முழுவதையும் சுற்றி மூடிய தகரப் பெட்டி அதற்கு உண்டு. கறம்பக்குடி, கந்தர்வகோட்டை என்று செம்மண் பாதைகளில் ஓட்டி ஓட்டி அந்தப் பெட்டியின் திருகாணிகள் ஒவ்வொன்றாக எங்கோ விழுந்துவிட்டன. கடகடவென்று சத்தம். இரண்டு திருகாணி வாங்கிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நானோ பெட்டியையே கழற்றித் தாழ்வாரத்து ஆணியில் மாட்டிவிட்டேன். சங்கிலி வெளியே தெரிய ஓடினால் வண்டி பார்க்க மிடுக்காக இருந்தது என்பதும் உண்மை. வண்டி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1987-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடுமியான்மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். சித்தன்னவாசல் பிரிவு தாண்டியதும் நல்ல காற்று. அவள் முந்தானையைச் செருகியிருந்தாள், எப்படியோ நழுவியிருக்கிறது. "ஏங்க" என்ற சத்தம் பாதியில் நின்றது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் பின்னால் சரிந்து ரோட்டில் விழுந்துவிட்டாள். பல்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே சேலை கயிறாக முறுக்கிக்கிடந்தது. துணி கிழிந்ததால் பிழைத்தாள். கழுத்தைச் சுற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றுவரை நாங்கள் பேசியதில்லை. இடது மணிக்கட்டு முறிந்தது. இப்போதும் அந்தக் கை முழுதாகத் திரும்பாது. மாவு பிசையும்போது பார்ப்பேன்.

1989-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அதைத்தான் சாரி கார்டு என்கிறோம். அது சக்கரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. சங்கிலி என்ற சொல் அதில் இல்லை.

அடுத்த மாதமே யெஸ்டியை விற்றுவிட்டுப் பழைய பஜாஜ் சேடக் ஒன்று வாங்கினேன். அதில் சங்கிலியே கிடையாது. எஞ்சினும் கியரும் பின்சக்கரத்தோடு ஒன்றாகவே இருக்கும், பற்சக்கரம் நேராகச் சக்கரத்தைச் சுற்றும். கட்டு பிரித்ததும் அவள் அதில் ஏறி உட்கார்ந்தாள். ஆனால் சங்கிலி ஓடும் எந்த வண்டியிலும் பிறகு ஏறியதில்லை.

ஆக, இப்போது க்ரூஸர் தேடும்போது மற்றவர்கள் மைலேஜ் கேட்பார்கள், நான் சக்கரத்துக்கு விசை எப்படிப் போகிறது என்று கேட்டேன். ஷோரூம் பையன்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

சென்னையில் இருக்கும் அக்கா மகன் ஹார்லி ஸ்ட்ரீட் 750 வைத்திருக்கிறான். அது 2014-ல் இங்கே வந்த வண்டி. சங்கிலிக்குப் பதில் பல் வைத்த பெல்ட். "மாமா, எண்ணெய் வேண்டாம், சத்தம் கிடையாது, பேன்ட்டில் கறையும் படாது" என்றான். ஓட்டிப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. அந்தக் காலத்து ரைஸ்மில்லில் பெல்ட் நழுவினால் பசை தடவுவார்கள். இதில் பல் இருப்பதால் நழுவாது. உள்ளே உறுதியான இழைகள் ஓடுகின்றன, அதனால் எளிதில் நீளவும் நீளாது.

நம்மூரை நினைத்தேன். நார்த்தாமலை, கீரனூர் பக்கம் ஜல்லி லாரி போன சாலையில் போனவர்களுக்குத் தெரியும். பெல்ட்டுக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கூரான ஜல்லித் துண்டு புகுந்தால் பெல்ட்டில் ஓட்டை விழும். சங்கிலி அறுந்தால் ஒரு லாக் போட்டு வீடு வந்து சேரலாம். பெல்ட் அறுந்தால் வழியோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. தவிர, துணியைப் பொறுத்தவரை பெல்ட்டும் வெளியில் ஓடும் ஒன்றுதானே.

அடுத்தது ஷாஃப்ட். லாரியின் அடியில் நீளமாக ஒரு தண்டு சுழலுமே, அதன் சின்ன உருவம். பி.எம்.டபிள்யூ 1923-லேயே தன் ஆர் 32 வண்டியில் இதை வைத்தது. பெரும்பாலும் தண்டு ஒரு குழாய்க்குள் சுழலும், சக்கரத்தருகே பற்சக்கரங்கள் திசையைத் திருப்பிவிடும். தூசி போகாது, துணியும் போகாது. குறித்த காலத்தில் கியர் எண்ணெய் மாற்றினால் போதும். எடை கூடுதல், விசையும் சங்கிலியைவிடக் கொஞ்சம் அதிகமாக வீணாகும். என் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் 2020-ல் அதே கம்பெனி இங்கே கொண்டுவந்த ஆர் 18 க்ரூஸரின் விலை 18 லட்சத்துக்கு மேல். என் பி.எஃப். பணத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்தேன். விலை பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டியில் மட்டும் அழகுக்காகத் தண்டை வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்களாம்! மிடுக்கு என்னை மட்டும் பிடித்த வியாதி இல்லை போலிருக்கிறது.

பெல்ட்டுக்குப் பேர்போன ஹார்லியே 2023-ல் ஹீரோவோடு சேர்ந்து எக்ஸ் 440 செய்தபோது சங்கிலிதான் போட்டது. விலை குறைவு, விசை வீணாவது குறைவு, எந்த ஊரிலும் கழற்றி மாட்டலாம். நம் பட்ஜெட்டில் வரும் க்ரூஸருக்கெல்லாம் கடைசியில் சங்கிலிதான் என்றாகிவிட்டது. ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 பார்த்தேன். சீட் உயரம் 765 மில்லிமீட்டர், என் முழங்கால் ஒத்துக்கொண்டது. இப்போதைய சங்கிலிகளில் ஒவ்வொரு பின்னுக்கும் ரப்பர் வளையம் வைத்து உள்ளே கிரீஸை அடைத்திருக்கிறார்கள். ஆனாலும் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும். நம் செம்மண் புழுதி எண்ணெயோடு கலந்தால் அம்மியில் அரைத்தது போலத்தான், பல்லையும் தின்னும், சங்கிலியையும் தின்னும்.

மேலே ஒரு பட்டை இருந்தது. கீழ்ப்பக்கம் திறந்துகிடந்தது.

வண்டியை எடுத்த மறுநாளே மச்சுவாடிப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பழைய யெஸ்டி பெட்டியை விற்காமல் வைத்திருந்தேன், துருப்பிடித்த அதையே மாதிரிக்குக் கொடுத்தேன். பட்டறைக்காரர் நல்ல கைக்காரர். மேலும் கீழுமாக இரண்டு தகரத் துண்டு. சங்கிலியை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகர வேண்டுமே, அதற்கு நீளமாக ஒரு வெட்டு. தொய்வு பார்க்க ஒரு துளை, அதற்கு ரப்பர் அடைப்பு. "இத மாட்டினா வண்டி அழகு போயிடுமே சார்" என்று இரண்டு தடவை சொன்னார். போகட்டும் என்றேன். திருகாணிகளுக்கெல்லாம் லாக் வாஷர் போடச் சொன்னேன். புழுதியும் இனி அவ்வளவாகச் சங்கிலிக்குப் போகாது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் வந்து பார்த்தாள். குனிந்தாள். தகரத்தின் விளிம்போடு விரலை ஓட்டிக்கொண்டே முன்னாலிருந்து பின்வரை போனாள். அடிப்பக்கமும் தடவிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் வேறு சேலை மாற்றி, முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

"திருக்கோகர்ணம் வரைக்கும் போவோம். மெதுவாப் போங்க."

போய்வரும் வரை என் சட்டையை அந்த இடது கையால் பிடித்திருந்தாள்.