எக்ஸெல் வண்டிக்கு 84 கிலோமீட்டர் வேகம்

என் டிவிஎஸ் எக்ஸெல் ஒரகடம் ரோட்டுல 84 கிலோமீட்டர் வேகத்துல போச்சாம். கேமரா புடிச்சிருக்குன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு, அபராதம் 1,000 ரூபாய். ஒரு மூட்டை யூரியா ஏத்தினா நாப்பதுக்கே முனகுற வண்டிங்க அது. பையன் சலான்ல இருந்த போட்டோவைத் திறந்து காட்டினான். அதுல இருக்கிறது பெரிய பைக். அதோட நம்பர் 8-ல முடியுது, என்னோடது 3. பலகையில சேறு வேற. அன்னைக்கு நான் நவரை நெல்லைக் கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு காவலுக்குப் படுத்திருந்தேன்.

ஆன்லைன்ல புகார் போட்டோம், பதில் இல்ல. அப்புறம் மெய்நிகர் கோர்ட்டுல இருந்து மெசேஜ் வந்தது. அதுல ரெண்டே வழி. ஒத்துக்கிட்டு பணம் கட்டலாம், இல்லன்னா வழக்காடலாம். வழக்காடறேன்னா கேஸ் நேர்ல நடக்கிற கோர்ட்டுக்குப் போயிடும்.

"கட்டித் தொலைச்சிட்டு கழனி வேலையைப் பாருங்க"ன்னாங்க வீட்டுல. அவங்க கணக்கு தப்பில்ல. ரெண்டு நாள் அலைஞ்சா பஸ் செலவு, சாப்பாடு, என் இடத்துல ஒரு ஆள் கூலின்னு ஆயிரத்தைத் தாண்டிடும். டீக்கடையிலயும் அதையேதான் சொன்னாங்க. டவுன்ல இருக்கிற நீங்களும் பாதிப் பேர் அப்படித்தான் கட்டியிருப்பீங்க.

தெரிஞ்ச வக்கீல் தம்பி ஒருத்தர் வேற மாதிரி சொன்னார். கேமரா வச்சுப் புடிக்கிறதுக்கு 2021 ஆகஸ்ட்டுல மத்திய அரசு விதி போட்டிருக்கு. கேமரா இருக்குன்னு முன்னாடியே போர்டு வைக்கணும், கருவிக்கு வருஷா வருஷம் சான்று புதுப்பிக்கணும், 15 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். அதுக்கும் முன்னாடி, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயே ஒண்ணு இருக்காம். வண்டி வேகமாப் போச்சுன்னு ஒரு சாட்சி தன் அபிப்பிராயமா சொன்னா அதை மட்டும் வச்சுத் தண்டிக்க முடியாது, கருவி அளந்த கணக்கு வேணும். நம்ம கேஸ்ல கருவி சரியாத்தான் அளந்திருக்கு. வண்டிதான் வேற!

கடைசியா அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வச்சது. "பணம் கட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆயிடும்ணா. இன்னொரு வாட்டி இதே கேஸ் வந்தா ரெண்டாவது குத்தம். அப்ப லைசென்ஸையே வாங்கி வச்சிக்கலாம்"னார். தினம் ரெண்டு வேளை பால் கேனை அந்த எக்ஸெல்லுலதான் சொசைட்டிக்குக் கொண்டு போறேன். அதுவரைக்கும் இதை ஆயிரம் ரூபாய் விஷயமாத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

கேமராவே வேணாம்னு நான் சொல்ல வரலைங்க. வாலாஜாபாத்துல இருந்து வண்டலூர் போற ரோட்டுல கம்பெனி பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும் போற வேகத்துக்கு, மாட்டை ஓட்டிக்கிட்டு குறுக்கே கடக்கிறவங்களுக்குத்தான் பயம் தெரியும். இன்னும் நாலு கேமரா கூட வைக்கட்டும். அது படிச்ச நம்பரை மனுஷன் ஒருத்தர் போட்டோவோட ஒத்துப் பார்த்துட்டு அனுப்பினா போதும்.

வழக்காடறேன்னு பையனை அழுத்தச் சொல்லிட்டேன். சலான் போட்டோவை கலர்ல பிரிண்ட் போட்டு, ஆர்.சி. நகல், நெல் போட்ட ரசீது எல்லாத்தையும் பட்டா சிட்டா இருக்கிற கவர்லயே வச்சிருக்கேன். "ரசீது நீங்க அங்க இருந்ததைத்தான் சொல்லும், வண்டி அங்க இருந்துச்சுன்னு சொல்லாது, போட்டோதான் முக்கியம்"னு வக்கீல் தம்பி சொல்லியிருக்கார். இருந்தாலும் இருக்கட்டும்.

வாய்தா தேதி இன்னும் வரல. சொர்ணவாரி நடவு அன்னைக்கு வந்து விழாம இருந்தா சரி.