புளியிலைக்கரை நேரியல்

மழை இல்லாத காலையில் பாலராமபுரத்துச் சாலியர் தெருவே பட்டறையாகிவிடுகிறது. விடிந்ததும் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்து இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஒருவர் கஞ்சியைத் தடவிக்கொண்டே போகிறார். பின்னால் வருகிறவர் பெரிய பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்து ஒரே வீச்சில் இழுக்க, ஒட்டிக்கிடந்த இழைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. அறுந்த இழை கண்ணில் பட்டால் நின்று, விரல்நுனியில் முறுக்கிச் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. கஞ்சியில் தேங்காய் எண்ணெய் சேர்ப்பதால் தெருவெல்லாம் அந்த வாசனை. வானம் மூடிக்கொண்டால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

ஒற்றசேகரமங்கலத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம் கூடியிருக்கிறது. பெண் பட்டு உடுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொன்றுதான் பட்டுநூல் எடுக்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். இதைச் சொன்னதற்கு வீட்டில் சிலர் அவளைப் பிடிவாதக்காரி என்றார்கள். அவள் ஒன்றும் புதிதாகப் பேசவில்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டு வேண்டாம் என்று பலகாலம் சொல்லிவந்தவர். அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டுச்சேலை கிடைக்குமா என்று கேட்டதுதான், ஆந்திர அரசின் கைத்தறிப் பணியில் இருந்த குசுமா ராஜய்யாவை அகிம்சைப் பட்டு பக்கம் திருப்பியது. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு நூல் எடுக்கும் முறை அது.

எங்கள் பெண் அவ்வளவு தூரம் போகவில்லை. பருத்தி போதும், அதை நம் பக்கத்துத் தறியில் நெய்தவரிடமே வாங்கவேண்டும் என்றாள். அதனால்தான் அவள் அம்மாவோடு நெய்யாற்றின்கரை வந்து, பாலராமபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், அரண்மனைத் தேவைக்காக நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியதாக இந்த ஊரின் வரலாறு. திவான் உம்மிணித் தம்பி அதற்கு முன்நின்றார். ஊருக்கு அரசன் பெயரே அமைந்தது. தெருக்காரர்கள் இன்றும் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறார்கள். நெசவு பிற்பாடு சுற்றுக் கிராமங்களுக்கும் பரவி, மற்ற சமூகத்துப் பெண்கள் பலரும் தறியில் உட்கார்ந்தார்கள்.

நாங்கள் உட்கார்ந்து பார்த்தது ஒரு குழித்தறி. நெய்யும் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கால் இரண்டும் குழிக்குள் மிதியில். வலக்கையால் நாடாவை எறிகிறார், இடக்கை பிடிக்கிறது, பலகையை இழுத்து ஒரு அடி. பிறகு இடக்கை எறிகிறது. கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் விசைநாடா முறை வேறு. இது கையால் எறிகிற பழைய முறை. வேகம் குறைவு. ஆனால் அந்த மெல்லிய நூலுக்கு இந்தக் கைதான் தோது என்கிறார். நெய்த துணியைத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே உயிர்க்கொலை பற்றிய கேள்வி எனக்கு இன்னும் நுணுக்கமானது. பருத்தி என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடாது. மில்களில் பாவுக்குப் போடும் கஞ்சியில் விலங்குக் கொழுப்புச் சேர்க்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் எருமைத் தோலில் செய்யப்பட்டது. பின்னால்தான் நைலானும் பிளாஸ்டிக்கும் வந்தன. பாலராமபுரத்துக் கஞ்சியில் இருப்பது தேங்காய் எண்ணெய். கையால் எறியும் தறிக்குப் பிக்கரே தேவையில்லை. பருத்தி வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துக்குத் தறியடியில் பதில் கிடைக்காது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

மிச்சம் இருந்தது கரையில் ஓடும் கசவுச் சரிகை. அசல் கசவில் நடுவே ஓடுவது பட்டு நூல். அதன்மேல் வெள்ளிக் கம்பியைத் தகடாக்கிச் சுற்றித் தங்கமுலாம் பூசுகிறார்கள். சூரத்திலிருந்து வருகிற சரக்கு. பெண்ணின் அம்மா இதைக் கேட்டதும் முகம் வாடினார். கசவில்லாமல் கல்யாணமா?

தறியில் இருந்த அம்மா எழுந்திருக்காமலே சொன்னார்: “எதுக்கு மக்களே கசவு? புளியிலைக்கரை போட்டு நெய்து தாறேன். கொச்சுப் பெண்ணுக்கு அதுதான் சேரும்.”

புளியிலைக்கரை என்பது புளிய இலை அகலத்துக்கு ஓரத்தில் ஓடும் சன்னக் கரை. கறுப்பிலோ வேறு நிறத்திலோ வரும். வெளுக்காத நூலின் பழுப்பு வெண்மைக்கு அந்தக் கோடு ஒன்றே போதும். கசவுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வெள்ளிக்கும் தங்கத்துக்கும் போகிறது. புளியிலைக்கரையில் நெய்கிற கையின் பங்கு கூடும் என்பது என் கணிப்பு.

அந்தக் கைக்கு எவ்வளவு கிடைக்கிறது? 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. புழுவுக்காகப் பட்டை விலக்கிவிட்டு, இந்த அம்மாவிடம் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பது என்ன கருணை? பெண்ணின் அம்மா பேரம் பேச வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

விசைத்தறித் துணி பாலராமபுரம் என்ற பெயரில் மலிவாக விற்கிறது. அந்த அம்மாவின் மகனுக்கு இதில்தான் கோபம். “கடையில போய்க் கேளுங்க அக்கா, கைத்தறி முத்திரை எங்கேன்னு. கேக்க ஆளில்லாததாலதான் இது நடக்கு.” கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்த மகன் தறியை விட்டு வேறு வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2017-இல் கேரள அரசு பள்ளிச் சீருடையைக் கைத்தறியில் நெய்யக் கொடுக்கத் தொடங்கியபோது பல தறிகளுக்கு ஆண்டு முழுக்க வேலை கிடைத்தது. வாங்குகிறவர் அரசாக இருந்தாலும் தனி ஆளாக இருந்தாலும் நெய்கிறவருக்கு வேண்டியது அந்தத் தொடர்ச்சிதான்.

2018 கேரள வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளர்களின் ஓணச் சரக்கு முழுதும் சேற்றில் போனபோது, லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தச் சேலைகளைக் கழுவி, வெட்டி, சேக்குட்டிப் பொம்மைகளாக்கி 25 ரூபாய்க்கு விற்றார்கள். ஒரு சேலையில் 360 பொம்மை வரை. உலகெங்கும் இருந்து வாங்கினார்கள். பேரிடர் வந்தால் நம் ஜனங்கள் கைகொடுக்கத் தயங்குவதில்லை. வெள்ளம் இல்லாத மாதங்களில்தான் தறி மறந்துபோகிறது.

ஓணத்துக்கு முன்னால் தறிக்கு ஓய்வே கிடையாது. அது கழிந்தால் நூல் வாங்கக்கூடக் கையில் காசு நிற்பதில்லை என்றார் அந்த அம்மா. எங்கள் கல்யாணம் தை மாதம். மணப்பெண்ணுக்கு முண்டும் அதன்மேல் போடும் நேரியலும், வீட்டு ஆண்களுக்கு வேட்டியும் சேர்த்து அங்கேயே சொல்லிவைத்தோம். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தோம். ஓணம் கழிந்து, தறி சும்மா கிடக்கிற மாதங்களில் நெய்தால் போதும், அவசரமில்லை என்று சொன்னதும் அவர் மகனைக் கூப்பிட்டு நூலுக்குச் சொல்லிவிடச் சொன்னார்.