கோயில் வெளிச்சமும் கடல் வெளிச்சமும்

கடலோரப் பங்கொன்றில் நாம் பணியாற்றி வருகிறோம். ஆலயத்துக்கும் அலைகளுக்கும் இடையே மணல்வெளி மட்டுமே உண்டு. தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமைகள் இரவில் இங்கே கரையேறி, மணலைத் தோண்டி, நூறளவில் முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. தாய் மீண்டும் வந்து பார்ப்பதில்லை. மணலின் வெப்பமே முட்டைகளைப் பொரிக்கச் செய்கிறது. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இவற்றை நாம் குருமடத்தில் கற்றோமில்லை. நம் பங்கின் பிள்ளைகளிடமே கற்றோம்.

சில ஆண்டுகளுக்குமுன், மார்ச் 19 ஆம் நாள் புனித சூசையப்பர் திருநாளன்று, ஆலய முகப்பு இரவு முழுவதும் மின்விளக்குகளால் ஒளிர்ந்தது. வெளியூர் சென்று பிழைக்கும் குடும்பமொன்றின் நேர்ச்சை அது. கடற்கரை பகல்போல் விளங்கியது கண்டு நாமும் பெருமிதம் கொண்டோம்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும், பீடச் சிறுவன் ஒருவனும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் நம்மிடம் வந்தனர். அவன் கையில் ஓலைப்பெட்டி. அதில் இறந்துபோன ஆமைக் குஞ்சுகள்.

"சுவாமி, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும். இருட்டிலே கடல்தான் அவற்றுக்கு வெளிச்சமாகத் தெரியும். நேற்று நம் கோயில் தெரிந்தது" என்றாள் அம்மாணவி.

நமக்கு முதலில் சினமே எழுந்தது. திருநாள் அலங்காரத்தைப் பிள்ளைகள் குறை கூறுவதா? அவள் மறுவார்த்தை பேசாமல் தன் குறிப்பேட்டை நீட்டினாள். எட்டு வாரங்களாக வைகறையில் நடந்து எழுதியவை: ஆமைத் தடம் கண்ட நாள், முட்டைக் குழியின் இடம், நாய்கள் கிளறிய குழி. அதே மணலில் நாம் பல்லாண்டு ஜெபமாலை செபித்து உலவியிருக்கிறோம். ஒரு தடத்தையும் கண்டோமில்லை. 1979 இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்ததைப் பிரசங்கத்தில் பன்முறை கூறியவரும் நாமே!

பங்குப் பேரவையில் அப்பெண்ணையே பேசச் செய்தோம். "நேர்ச்சையைத் தடுப்பது பாவமல்லவா?" என்று பெரியவர் ஒருவர் வெகுண்டார். அவள் குறிப்பேட்டை வாசித்தாள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருவதையும் எடுத்துரைத்தாள். இறுதியில் நேர்ச்சை செய்த குடும்பத்தின் தாயே எழுந்து, "விளக்கை உள்ளே, பீடத்தருகில் ஏற்றுங்கள் சுவாமி. சூசையப்பருக்குத் தெரியும்" என்றார்.

அன்று முதல் பங்குனியில் கடல் நோக்கிய விளக்குகளை நாம் ஏற்றுவதில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு மரத்துக்காகவோ குளத்துக்காகவோ வாய் திறந்தால், "உனக்கென்ன தெரியும்?" என்று அடக்கிவிடாதீர்கள். அவன் என்ன கண்டான் என்று முதலில் கேளுங்கள். நாம் காணத் தவறியதை அவன் கண்டிருக்கக்கூடும்.