விக்கிரமங்கலம் முதல் கோடிக்கரை வரை

அரியலூருக்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரைச் சீமையில், விக்கிரமங்கலம் என்னும் ஊர் இருக்கிறது. சோழர் காலத்தில் விக்கிரமசோழபுரம் என்று பெயர் பெற்று, வணிகர் கூடி வாழ்ந்த நகரம் அது என்று சாசனங்களை ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அந்தப் பெருமையெல்லாம் அடங்கிப்போய் வெகு காலம் ஆயிற்று. பழைய நாளின் சாட்சியாக எஞ்சியிருக்கும் புத்தர் சிலை, வந்தவரை ஒன்றும் கேளாமல் வரவேற்கிறது. சுற்றிலும் செம்மண், ஆங்காங்கே முந்திரித் தோப்பு, இடையிடையே முள்ளும் புதரும்.

புயல் வீழ்த்திய காடு எவ்வாறு மறுபடி எழுகிறது என்பதைக் காணப் புறப்பட்ட நாம், கடலுக்கு ஏறக்குறைய 40 மைல் உள்ளே கிடக்கும் இவ்வூருக்கு முதலில் ஏன் வந்தோம் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. பெரும் புயல் ஒரு தலைமுறையில் ஒரு முறையோ இரு முறையோதான் வருகிறது. மரத்தின் தலையைக் கொய்யும் அரிவாளோ இந்தப் பக்கத்தில் ஆண்டு தவறாமல் வருகிறது. ஆட்டுக்குத் தழை வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். ஆகையால் வேம்பும் வாகையும் கோடையில் மொட்டைத் தூண்களாக நிற்கின்றன. அடுத்த மழை பெய்ததும் பாருங்கள்! அந்தத் தூணின் பட்டையைப் பிளந்துகொண்டு பத்தும் இருபதுமாகத் தளிர்கள் புறப்படுகின்றன.

மரத்தின் பட்டைக்குள்ளே உறங்கும் அரும்புகள் உண்டு. உச்சிக் கொழுந்து உயிரோடு இருக்குமட்டும், அது கீழே அனுப்பும் ஒருவகைச் சாறு அவற்றைத் தலையெடுக்க ஒட்டாமல் அடக்கி வைத்திருக்கிறது. உச்சி போயிற்றா, அடக்குமுறையும் போயிற்று! வேரிலும் அடிமரத்திலும் சேர்த்து வைத்த மாவுச் சத்தை உண்டு, உறங்கினவையெல்லாம் ஏக காலத்தில் எழுந்து விடுகின்றன. விறகு வெட்டுகிறவனுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமன்று. காற்றிலே தலை முறிந்து, பக்கமெல்லாம் தழைத்திருந்த ஒரு வேம்பைக் காட்டி, "இதை ஏன் வெட்டி எடுக்கவில்லை?" என்று அங்கே ஒரு பெரியவரைக் கேட்டோம். அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வேர் கிடக்கிறதே, ஐயா! ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் தானே வந்துவிடும். புதுக் கன்று வைத்து இந்த உயரத்துக்குக் கொண்டுவர என் ஆயுசு போதுமா?" என்றார்.

இந்த வட்டாரத்து ஐயனார் கோயில் காடுகளில் மற்றொரு வழக்கமும் உண்டு. அங்கே விழுந்த கிளையைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள், சாமி கோபித்துக்கொள்ளும். இதை மூடநம்பிக்கை என்று பட்டணத்தார் சிரிக்கலாம். ஆனால் விழுந்து கிடக்கும் முட்கிளைகளின் நடுவே குனிந்து பார்த்தால், ஆட்டின் வாய் எட்டாத அந்த இடத்தில்தான் இளங்கன்றுகள் பத்திரமாய் நிற்கும். வேலியடைக்க ஒருவரும் செலவு செய்யவில்லை!

காசா, வீரை, உலக்கைப்பாலை முதலிய மரங்கள் கூடிய இந்தக் கோயில் காடுகள், சோழமண்டலக் கரையோரத்தில் ஒரு காலத்தில் பரந்திருந்த ஒரு பெரிய வனத்தின் சிதறல்கள். எட்டு மாதம் வறட்சியைத் தாங்கியும் இலை உதிராமல் நிற்கும் விசித்திரமான காடு அது. வயலும் ஊரும் விறகு வண்டியும் அதைத் துண்டு துண்டாக்கிவிட்டன. எஞ்சியவற்றுள் பெரிய துண்டுகளில் ஒன்று கோடிக்கரையில் இருக்கிறது. உள்நாட்டில் அரிவாள் செய்வதைக் கடற்கரையில் புயல் எவ்வளவு பெரிதாகச் செய்கிறது என்று பார்க்க வேண்டுமென்று, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தோம்.

கும்பகோணத்திலிருந்து வேதாரணியம் போகும் பாதை தேச சரித்திரத்தில் இடம் பெற்ற பாதை. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்ரீ ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் புறப்பட்டு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரணியம் சென்று உப்பை அள்ளினார். அவர்கள் நடந்த வழியில் நாம் மோட்டாரில் சொகுசாக உட்கார்ந்து போனோம் என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும்.

திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் தென்னந்தோப்புகளில் கண்ணைச் செலுத்தினால், கஜா புயலின் கணக்கு இன்னும் தீரவில்லை என்று தெரியும். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் தேதி, பொழுது விடியுமுன், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அப்புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிற்று. தென்னையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஓர் இரவில் வருங்காலத்தை இழந்தன. தென்னைக்கு உறங்கும் அரும்பு கிடையாது. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது முறிந்தால் மரம் முடிந்தது. புதுத் தென்னம்பிள்ளை வைத்துக் காய் பார்க்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். அதுவரையில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு எங்கே போவது? இந்தத் துக்கத்தைக் கண்ட கண்ணோடுதான் ஜனங்கள் காட்டையும் பார்த்தார்கள். தோப்புப் போயிற்று, காடும் போயிற்று என்று எண்ணியது இயற்கையே. அந்த எண்ணத்தின் பிற்பாதி சரியன்று.

வேதாரணியத்துக்குத் திருமறைக்காடு என்றே தமிழில் பெயர். அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் கடந்து தெற்கே போனால் கோடியக்காடு. கடற்கரைக் காட்டிலே இறைவன் தன்னந்தனியாய் இருக்கிறானே என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் உருகிப் பாடிய கோடிக்குழகர் ஆலயம் இங்கே இருக்கிறது. அதற்கும் அப்பால், கரை மேற்கே திரும்பும் முனையில், கோடிக்கரை. வெளிமான்களைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டில் இது சரணாலயமாக்கப்பட்டது. வலசை வரும் நீர்ப்பறவைகளின் பொருட்டு 2002ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் இடம் பெற்றது.

இந்தக் காட்டுக்குப் புயல் புதிதன்று. 1952ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒன்று, 1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, நாகப்பட்டினத்துக்கு அருகே கரையேறி நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்த மற்றொன்று, பிறகு கஜா. இங்கே நிற்கும் பாலை மரங்களிற் பல இம்மூன்றையும் கண்டிருக்க வேண்டும். பாலை மிக மெதுவாக வளர்வது. உலக்கை செய்யத் தகுந்த வைரம் பாய்ந்த மரம். வைகாசியில் அதன் மஞ்சள் நிறப் பழங்கள் வேதாரணியம் கடைத்தெருவில் விற்பனைக்கு வரும். தின்றால் உதட்டில் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அதைவிட இனிய பழம் கிடையாது.

இராமர் பாதம் என்னும் மணல்மேட்டுப் பக்கம் நடந்தோம். கஜாவில் சாய்ந்த பாலை ஒன்று மணலில் முழங்கை ஊன்றிப் படுத்திருப்பதுபோல் கிடந்தது. வேரில் பாதி வானத்தைப் பார்க்கிறது. மறு பாதி மண்ணை விடவில்லை. கிடந்த அடிமரத்தின் மேற்புறம் நெடுக, வரிசை பிடித்தாற்போல், புதுக் கொம்புகள் நேரே மேல்நோக்கி எழுந்திருந்தன. ஒரு மரம் விழுந்து ஒரு வரிசை மரங்களாயிற்று! அவை எல்லாம் நிலைப்பதில்லை. வெளிச்சத்துக்கும் நீருக்கும் தம்முள் போட்டியிட்டு, நாளடைவில் இரண்டு மூன்றே மிஞ்சும். காசாவின் கதை வேறு. அது அடியோடு முறிந்தாலும் கவலைப்படாமல், தூரிலிருந்தே கொத்தாகக் கிளைத்துப் புதராய் நின்றுவிடுகிறது.

கட்டைத் தளிர் ஒரு வழி. இரண்டாவது வழி, முன்னமே காத்திருந்த கன்றுகள். பெரிய மரங்களின் நிழலில் முழ உயரக் கன்று, ஆண்டுக்கு இரண்டு இலை விட்டுக்கொண்டு, வளர்வதா சாவதா என்று தெரியாமல் வெகு காலம் நிற்கும். மேலே கூரை பிரிந்ததும் அதற்கு விடிவு காலம். மூன்றாவது, புதிதாய் வந்து விழும் விதை. நரியும் குரங்கும் குயிலும் கொண்டைக்குருவியும் இங்கே விதைக்காரர்கள். உகாய், காரை, நாவல், பாலை ஆகியவற்றின் பழங்களைத் தின்று, கொட்டைகளைக் காடெங்கும் இலவசமாய்ப் பட்டுவாடா செய்கின்றன.

வெளிநாட்டார் இவ்விஷயத்தை வெகு நுணுக்கமாய் ஆராய்ந்திருக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் போர்ட்டோ ரிக்கோ என்பது ஒன்று. அங்கே 1989ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹ்யூகோ என்ற புயல் லுக்கியோ மலைக்காட்டை இலையில்லாமல் உருவி எறிந்தது. காடு செத்தது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் பெரும்பாலான மரங்கள் சாகவில்லை, மீண்டும் தழைத்தன. திறந்த இடங்களில் செக்ரோப்பியா என்னும் மரம், விரித்த கைபோன்ற இலைகளோடு, மண்ணில் உறங்கிய விதையிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பி, கூரை மறுபடி மூடியதும் மடிந்து போயிற்று. அவ்வளவோடு விஞ்ஞானிகள் விடவில்லை. வெளிச்சம் பட்டதால் இந்த மாறுதலா, விழுந்த தழை உரமானதால் மாறுதலா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, 2004ஆம் ஆண்டு முதல் தாங்களே மரக்கிளைகளை வெட்டி, சில இடங்களில் தழையை அங்கேயே விட்டும், சில இடங்களில் அகற்றியும் சோதித்தார்கள். பெரும்பாலான மாறுதல்களுக்கு மேலே திறந்த வெளிச்சமே முதற் காரணம் என்று கண்டார்கள். (அங்கே ஐயனார் காட்டு ஆடுகள் கிடையா என்பது நினைவிருக்கட்டும். இருந்திருந்தால் முட்கிளைக்கும் கொஞ்சம் மதிப்பெண் போட்டிருப்பார்கள்.) 2017ஆம் ஆண்டில் மரியா என்ற புயல் அதே காட்டில் ஹ்யூகோவைவிட மிகுதியான மரங்களை முறித்துக் கொன்றது. சேமிப்பு உள்ள வரையில்தான் மரம் எழ முடியும். புயலுக்கும் புயலுக்கும் இடையே அது மூச்சுவிடக் காலம் வேண்டும்.

ஆனால் போர்ட்டோ ரிக்கோவின் பாடத்தை அப்படியே கோடிக்கரையில் ஒப்பிக்க முடியாது. அந்த மலையில் ஆண்டு முழுவதும் மழை. இங்கே புயல் வருவதே வடகிழக்குப் பருவமழையின் நடுவில். தைக்குப் பிறகு வானம் கதவைச் சாத்திக்கொள்ளும். கார்த்திகை ஈரத்தில் முளைத்த சின்னஞ்சிறு நாற்று, பங்குனி வெயிலையும் உப்புக் காற்றையும் நிழல் இல்லாமல் எதிர்கொள்ள வேண்டும். அநேகம் கருகிவிடும். ஆழத்தில் வேரோடிய பழங்கட்டையின் தளிரோ அந்தக் கோடையைக் கடந்துவிடுகிறது. ஆகவே நமது கரையில் காட்டை மீட்பவை, விழுந்த மரங்களே. விதை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

இங்கேதான் சங்கடம். புயலடித்ததும் நமக்கெல்லாம் கை துறுதுறுக்கிறது. "சாய்ந்ததை அப்புறப்படுத்து, இடத்தைத் துப்புரவு செய், புதுக் கன்று நடு" என்று தேசபக்தியோடு கிளம்புகிறோம். 1950ஆம் ஆண்டில் ஸ்ரீ முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தது முதல் மரம் நடுவது நமக்கு ஒரு திருவிழா. சாலை ஓரத்திலும், தென்னை போன கொல்லையிலும், பள்ளிக்கூட முற்றத்திலும் கன்று நடத்தான் வேண்டும். ஆனால் உயிருள்ள காட்டுக்குள் புகுந்து, பாதி வேரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பாலையை அறுத்து வண்டியிலேற்றி, அந்தக் குழியில் நர்சரிக் கன்றை நட்டுப் படம் பிடித்துக்கொள்வது, காயம்பட்டவனை வீட்டைவிட்டுத் துரத்தி அவன் பாயில் விருந்தாளியைப் படுக்க வைப்பதற்கு ஒப்பாகும். பாதையை மறித்துக் கிடப்பதை எடுக்கட்டும். மற்றதைத் தொட வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம்.

துப்புரவு செய்த இடத்துக்கு யார் முதலில் வருகிறார் தெரியுமா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம்! விழுந்து எழுவதில் அதற்கு நிகர் இல்லை. ஒரு கொம்பை வெட்டினால் பத்துக் கொம்பு. அதன் நெற்றுகளை மாடும், இங்கே கேட்பாரற்றுத் திரியும் குதிரைகளும் விரும்பித் தின்று, சாணத்தோடு விதையை எருவும் இட்டு நட்டுவிடுகின்றன. பாலை ஒரு சாண் வளர்வதற்குள் அது ஆள் உயரம் வளர்ந்து நிழலைப் பிடித்துக்கொள்கிறது. வன இலாகாவினர் அதை வேரோடு களைந்து வருகிறார்கள். ஓயாத வேலை.

இதில் வெளிமானின் வழக்கும் ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டியது அடர்ந்த காடன்று, புல்வெளி. மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த இடத்தில் சில பருவம் நல்ல புல் முளைக்கிறது. மான் மேய வருகிறது. மேய்கிறபோது பாலைக் கன்றின் கொழுந்தையும் கடித்து வைக்கிறது. எவ்விடம் காடாக வேண்டும், எவ்விடம் புல்லாக வேண்டும் என்பதைச் சரணாலயக்காரர்கள் இடம் இடமாகப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மணல்மேட்டின் அடிவாரத்தில் நாம் கண்ட ஒரு கன்றை அப்படி யாரோ இரண்டு முறை கடித்திருந்தார்கள். கடித்த இடத்துக்குக் கீழே மறுபடி இரண்டு இலை விட்டிருந்தது. பக்கத்தில் விழுந்து கிடந்த பாலையின் உலர்ந்த கிளை ஒன்று அதன் மேல் பாதி சாய்ந்திருந்தது. யாரும் இன்னும் அதை அப்புறப்படுத்தவில்லை.