கட்டில் போட்ட கொட்டகை

சினிமாக் கொட்டகையில் தூங்கியிருக்கிறீர்களா? இரண்டாவது ஆட்டத்தில் கண் அசந்ததைச் சொல்லவில்லை. கட்டில், மெத்தை, தலையணையோடு! பாங்காக்கில் 'பிரின்ஸ் தியேட்டர்' என்ற பழைய கொட்டகையை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். மாமியார், பதினைந்து வயது மகள் சகிதம் அங்கே இரண்டு இரவு தங்கினோம்.

புறப்படும் முன்பே வீட்டில் ஒரு பிரளயம். அந்தக் கொட்டகை கடைசிக் காலத்தில் 'வயது வந்தோர்' படம் ஓட்டிப் பிழைத்தது என்பது அத்தையின் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு அங்கேயா தங்குவாங்க? நான் வரலைம்மா" என்று பெட்டியை ஓரமாக வைத்துவிட்டார். என்னவர் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்!

அத்தையின் கவலை நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தின் கதை அது மட்டும் அல்லவே. முதலில் அது சூதாட்ட விடுதி. சயாம் அரசு சூதாட்ட விடுதிகளை ஒரேயடியாக மூடியது 1917-இல். சூது போய் சினிமா வந்தது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு டி.வி., கடைத்தொகுதிகளுக்குள் புதுத் தியேட்டர்கள் என்றானதும் கூட்டம் போய்விட்டது. இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பாமல் காப்பாற்றினார்களே, அதைச் சொல்லுங்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னபின், "சரி, வந்துதான் பார்ப்போம்" என்றார் அத்தை, பாதி மனசாக.

ஹோட்டல் இருக்கும் பேட்டையின் பெயர் பாங் ராக். 'ராக்' என்றால் தாய் மொழியில் அன்பு, காதல். அதனால் பிப்ரவரி 14 அன்று கல்யாணத்தைப் பதிவு செய்ய இளசுகள் இந்த வட்டார அலுவலகத்தில் வந்து குவிகிறார்கள். அங்கே ஓடும் சரோன் குருங் சாலை 1864-இல் முடிந்தது. "வண்டியில் காற்று வாங்கப் போக ரோடே இல்லை, உடம்பு கெடுகிறது" என்று வெள்ளைக்காரர்கள் மன்னரிடம் மனுப் போட்டு வாங்கிய சாலை இது! இன்றைக்கு அங்கே நடந்தால் புகைதான் மூக்கில் ஏறும்.

சாலையிலிருந்து குறுகலான சந்துக்குள் நுழைந்தால் ஹோட்டல். உயர்ந்த கூரை, மேலே பழைய மர உத்தரங்கள், கூடத்தில் பெரிய வெள்ளித்திரை, சுவரில் சினிமாப் படங்கள். எங்கள் அறைக்குள்ளேயே மாடி இருந்தது, படி செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிக் கீழ்த்தள அறை கேட்பது உத்தமம்.

இரவு கூடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். பாஷை புரியாவிட்டால் என்ன? அத்தை பேத்தியின் தோளில் சாய்ந்துகொண்டு, "இவன்தான் வில்லன், பாரேன்" என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துச் சொன்னார். பாதி தப்பு. படம் முடிந்து எழுந்திருக்க மனசில்லை இரண்டு பேருக்கும்.

மறுநாள் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்க்காரர்களும் சீனர்களும் செவ்வந்தி மாலையோடு வந்து கும்பிடுகிறார்கள். அத்தைக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது.

சாப்பாடுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சந்து முனையில் 'ஜோக்' என்ற அரிசிக் கஞ்சி, கரி அடுப்பு வாசனையோடு. தியேட்டர் பெயரில்தான் கடையும். பன்றி இறைச்சி உருண்டை போட்டுத் தருவார்கள்; அது வேண்டாம் என்றால் முட்டை மட்டும் உடைத்து ஊற்றச் சொல்லலாம். சுத்த சைவர்களுக்கு ஒத்துவராது. காய்கறியிலும் மீன் சாறு விடும் ஊர் அது. 'ஜே' என்று எழுதிய மஞ்சள் கொடி தொங்கும் கடையைத் தேடுங்கள். அங்கே இறைச்சி, முட்டை, பால், பூண்டு எதுவும் கிடையாது. கஞ்சியைக் கண்டதும் அத்தை, "நம்ம கஞ்சிதானே இது!" என்றார். ஆங்கிலேயர்கள் இதற்குச் சொல்லும் 'காஞ்ஜி'யும் நம் தமிழ்ச் சொல்தான் என்றேன். "அப்போ ஊறுகாயை எடு" என்றார். நல்லவேளை, நார்த்தங்காய் கைப்பையிலேயே இருந்தது.