காந்தமும் காலும்

“காந்தத்திலிருந்து இலவசமாக மின்சாரம் எடுக்கலாமாமே, உண்மையா?” ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தக் கேள்வி என்னை வந்தடைகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் நண்பர்கள் காணொளியும் சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு சில்லு, அதைச் சுற்றிக் காந்தங்கள், பக்கத்தில் எரியும் மின்குமிழ். பற்றறி எங்கும் தென்படாது. கலைப்பீடத்தில் படித்துப் பத்திரிகைக்கு வந்தவனிடம் இதைக் கேட்பது பொருத்தமா என்று சிலர் ஐயுறலாம். ஆயினும் இந்த ஒரு விடயத்தில், தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் சாட்சி சொல்லும் தகுதி உண்டு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. பெற்றோல், டீசல் தொடக்கம் வானொலிக்குப் போடும் பற்றறி வரை பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். உலகச் செய்தி அறிய வேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு டயோட்டின் வழியே நேராக்கி வானொலிக்குக் கொடுப்போம். பிபிசி தமிழோசை முடியும்வரை வீட்டார் முறைவைத்துச் சுற்றுவார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும்.

அந்த டைனமோவுக்குள் இருந்ததும் காந்தமே. ஆறு வோல்ற், மூன்று வாற்று தரும் சிறிய குடுவை. காந்தம் சுழலச் சுழல அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. இதை மைக்கேல் பரடே 1831-இல் கண்டுபிடித்தார். ஆனால் சைக்கிள் ஓடிய ஒவ்வொருவரும் இன்னொன்றையும் அறிந்திருந்தோம். டைனமோ வெறுமனே சில்லில் உரசும்போது இருக்கும் பாரம் வேறு, விளக்கு எரியும்போது ஏறும் பாரம் வேறு. கம்பியில் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும், அது தன் காந்தப்புலத்தால் சுழலும் காந்தத்தைப் பிடித்திழுக்கிறது. 1834-இல் லென்ஸ் வகுத்த விதி இதுதான். வெளிச்சம் கூடக் கூடக் கால் நோவும் கூடும். காந்தம் தன் கையிலிருந்து சக்தியைத் தந்திருந்தால் எங்கள் கால்கள் ஏன் நொந்தன? உண்ட சோறும் ஒடியலுமே விளக்காக எரிந்தன. காந்தம் அவற்றைக் கைமாற்றிக் கொடுத்தது, அவ்வளவே.

“ஆனாலும் காந்தம் இரும்பை இழுக்கிறதே, அந்த இழுவையால் சில்லைச் சுழற்ற முடியாதா?” என்று கேட்பார்கள். எங்கள் ஊர்த் துலாவை நினைத்துப் பாருங்கள். துலாவின் அடிப்பக்கத்தில் கல் கட்டியிருப்போம். நீர் நிறைந்த பட்டை மேலே வரும்போது அந்தக் கல் கீழே இறங்கிக் கைகொடுக்கும். ஆனால் வெறும் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கும்போது அதே கல்லை நாம் மேலே தூக்கியாக வேண்டும். கல் கொடுப்பதும் வாங்குவதும் சரிக்குச் சரி. அதனாற்றான் எத்தனை பெரிய கல்லைக் கட்டினாலும் துலா தானாக நீர் இறைத்ததில்லை. மிதிக்கவோ இழுக்கவோ ஆள் வேண்டியிருந்தது. காந்தச் சில்லின் கதையும் இதுவே. நெருங்கி வரும்போது காந்தம் எவ்வளவு இழுத்துக் கொடுக்கிறதோ, விலகிப் போகும்போது அவ்வளவையும் பிடித்துவைத்துக் கணக்கைத் தீர்த்துவிடும். மிஞ்சும் உராய்வு சில்லை நிறுத்தும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் காட்டி, அது ஓயாமல் வேலை செய்கிறதே என்பாரும் உளர். கொட்டிலைத் தாங்கும் கப்பும் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. தாங்கிநிற்பது வேறு, நகர்த்துவது வேறு. எதுவும் நகராதவிடத்துச் சக்தி செலவாவதில்லை.

இந்த ஆசை மிகப் பழையது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் பாதரசம் அடைத்த, ஓயாது சுழலும் சில்லொன்றை விவரித்தார். பீற்றர் பெரெகிரினஸ் 1269-இல் காந்தம் பற்றி எழுதிய மடலில், காந்தத்தால் ஓயாது சுழலும் சில்லொன்றைச் சொன்னார். இத்தகைய பொறிகளை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியற் கழகம் 1775-இல் முடிவெடுத்தது. அதற்குப் பின்னரும் டப்ளினைச் சேர்ந்த ஸ்டியோர்ன் என்னும் நிறுவனம் 2006-இல் ‘எக்கொனமிஸ்ற்’ சஞ்சிகையில் விளம்பரம் கொடுத்து விஞ்ஞானிகளைச் சோதனைக்கு அழைத்தது. 2007-இல் இலண்டனில் நடக்கவிருந்த காட்சி கைவிடப்பட்டது. 2009-இல், சக்தி உற்பத்தியானதாக நிறுவனம் நிரூபிக்கவில்லை என்று சோதனைக் குழுவினர் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் இராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை. 1996-இல் அவரது மூலிகைப் பெற்றோல் தமிழகப் பத்திரிகைகளை நிறைத்தது. பெற்றோலின் வாசனைக்கே ஏங்கியிருந்த எங்களுக்கு அந்தச் செய்தி எப்படி இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் சென்னை நீதிமன்றம் ஒன்று மோசடி வழக்கில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பத்திரிகைகள் கொடுத்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு என்பதை எங்கள் தொழில் மறந்துவிடக் கூடாது.

2022-இல் நாடெங்கும் எரிபொருள் இல்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. அந்த நாள்களில் வலிகாமத்துத் தோட்டக்கார இளைஞர் ஒருவர் தமது காந்த மின்னாக்கியைப் பற்றி எழுதும்படி என்னிடம் வந்தார். போய்ப் பார்த்தேன். ஒட்டுவேலையும் கம்பி சுற்றிய நேர்த்தியும் முதற்தரம். தொடக்கிவைப்பதற்கு மட்டும் என்று ஒரு பற்றறி இருந்தது. பத்திரிகையில் செய்தி வந்தால் வெளிநாட்டு உறவினர்கள் பணம் அனுப்புவார்கள் என்றார்.

“தம்பி, அந்தப் பற்றறியைக் கழற்றிப்போட்டு ஒரு இரவு இந்தக் குமிழை எரிச்சுக் காட்டுவீரோ?” என்றேன்.

கழற்றினார். ஒரு நிமிடத்துக்குள் சில்லு நின்றது.

“காந்தம் காணாது ஐயா. இன்னும் பெலமானது வேணும்.”

அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், முழுமனத்தோடு நம்பியிருந்தார். இருந்த காந்தங்களை வாங்குவதற்கே தாயாரின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. பெலமான காந்தம் கூடுதலாக இழுக்கும், கூடுதலாகப் பிடித்தும் வைக்கும் என்று துலாக் கல்லைக் காட்டிச் சொன்னேன். செய்தி எழுதவில்லை. சில காலம் என்மீது கோபமாக இருந்தார். இப்போது பழுதடைந்த மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறார். சங்கிலி மீண்டதா என்று நான் கேட்கவில்லை.

பளைப் பக்கம் போகிறவர்கள் 2014-இல் எழுந்த காற்றாலைகளைக் காணலாம். அவற்றின் மின்னாக்கிகளுக்குள்ளும் காந்தப்புலமே வேலை செய்கிறது, சுழற்றுவது காற்று. காற்று இலவசம். கோபுரமும் கம்பியும் பராமரிப்பும் இலவசமல்ல.

எனவே காணொளி அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் ஒருவர் காந்த மின்சாரம் கண்டுபிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பணம் அனுப்ப முற்படுமுன், பற்றறியைக் கழற்றச் சொல்லுங்கள். மறைவாக வயர் ஏதும் இல்லையென்று ஊரில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் இரவு முழுவதும் குமிழ் எரியட்டும். விடிந்த பின்னரும் எரிந்தால் எனக்கு எழுதுங்கள். முதற்பக்கத்தில் போடச் சொல்கிறேன்.